கையெழுத்துக்கு முன்னால் ஒரு பை-டூ

போன சனிக்கிழமை சாயங்காலம் என் தங்கையின் பேரன் வீட்டுக்கு வந்தான். கோரமங்களாவில் ஒரு சின்னக் கம்பெனியில் நான்கு வருஷமாக வேலை. ஓப்பன் சோர்ஸ் கருவி ஒன்றை உருவாக்குகிற கம்பெனி. வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே போனை நீட்டினான்.

“தாத்தா, எங்க கம்பெனியை வாங்கிட்டாங்க.”

மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். நீளமான மெயில். உற்சாகம், புதிய பயணம், குடும்பம் என்று ஏகப்பட்ட நல்ல சொற்கள். எத்தனை பேரை வைத்துக்கொள்வார்கள், எத்தனை பேரை அனுப்புவார்கள் என்று ஒரு வரி இல்லை.

“சந்தோஷப்படணுமா, பயப்படணுமான்னு தெரியல தாத்தா. ஆபீஸ்ல கேக் வெட்டினாங்க. நானும் சாப்பிட்டேன்.”

“சரி, வா. முதல்ல ஒரு காபி குடிப்போம்” என்று அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிற தர்ஷினி ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். பெங்களூருக்கு நான் குடியாத்தத்திலிருந்து வந்த புதிதில் கற்றுக்கொண்ட முதல் கன்னடப் பழக்கம் பை-டூ. ஒரு காபி, இரண்டு டம்ளர். காசைப் பங்கு போட வந்த பழக்கமோ என்னவோ, எனக்கு அது பேச்சைப் பங்கு போடுகிற பழக்கமாகிவிட்டது. அன்றைக்கு அவனிடம் பாதிதான் சொன்னேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவனைப் போலவே மெயில் வந்த வேறு பிள்ளைகளும் இந்த ஊரில் இருப்பார்கள்.

கண்ணு, முதலில் ஒரு கேள்வி. உங்கள் கம்பெனியின் மென்பொருள் இலவசம். மூலநிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், மாற்றலாம், ஓட்டலாம். அப்படியானால் வாங்கியவன் எதை வாங்கினான்?

எங்கள் தெருவில் முன்பு ஒரு மெஸ் இருந்தது. அங்கே குருமா எப்படிச் செய்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். முதலாளியம்மா கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பார். ஒருநாள் அந்த மெஸ்ஸை ஒருவர் நல்ல விலைக்கு வாங்கினார். குருமாவின் பக்குவத்துக்கு அவர் ஒரு பைசா கொடுக்கவில்லை, அது ஊர் சொத்து. அவர் வாங்கியது மாஸ்டரை, பெயர்ப்பலகையை, மதியம் ஒரு மணிக்குக் கால்கள் தானாக அந்தப் பக்கம் திரும்புகிற நூறு வாடிக்கையாளர்களை. ஆறு மாதத்தில் மாஸ்டர் விலகி, நாலு கடை தள்ளித் தனியாக அடுப்பு வைத்தார். கால்களும் அங்கே திரும்பிவிட்டன. பழைய கடையில் பலகை மட்டும் மிச்சம்.

ஓப்பன் சோர்ஸ் கம்பெனியை வாங்குவதும் ஏறக்குறைய இப்படித்தான். நிரலைப் பூட்டி வைத்து விற்கிற கம்பெனியை வாங்கினால் சாவி கைக்கு வரும். திறந்து கிடப்பதை வாங்கினால் ஆட்கள், பெயர், வாடிக்கையாளர் நம்பிக்கை, இந்த மூன்றுதான் வரும். அதிலும் பெரிய தொகை ஆட்களுக்கு. கேக் வெட்டியபோது உனக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்: இந்த வியாபாரத்தில் சரக்கு நீதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இதே ஊரில் கண்ணால் பார்த்தது.

க்ளஸ்டர் (Gluster) என்று ஒரு கம்பெனி இருந்தது. குனு (GNU), கிளஸ்டர் (cluster) என்ற இரண்டு சொற்களை ஒட்டி வைத்த பெயர். 2005-ல் தொடங்கினார்கள், முதலில் இசட் ரிசர்ச் என்று பெயர். தலைமையகம் கலிஃபோர்னியாவில், பொறியாளர் அணி பெங்களூரில். நிறுவியவர்கள் இருவர், ஆனந்த் பாபு பெரியசாமியும் ஹிதேஷ் செல்லானியும். பெரியசாமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதற்கு முன் கலிஃபோர்னியா டிஜிட்டல் என்ற கம்பெனியில் தொழில்நுட்பத் தலைவராக இருந்தபோது, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்துக்கு ‘தண்டர்’ என்ற கணினியை அந்தக் கம்பெனி கட்டிக்கொடுத்தது. 4,096 செயலிகள். 2004 ஜூன் மாதப் பட்டியலில் உலகின் இரண்டாவது வேகமான கணினி அது.

அத்தனை பெரிய கணினிகளில் தலைவலி கணக்குப் போடுவதில் இல்லை, கோப்புகளை எங்கே வைப்பது என்பதில்தான். வழக்கமான அமைப்புகளில், எந்தக் கோப்பு எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்று எழுதி வைக்க ஒரு கணக்குப்பிள்ளை இயந்திரம் இருக்கும். கணக்குப்பிள்ளை படுத்தால் கடையே படுத்துவிடும். க்ளஸ்டர் செய்தவர்கள் கணக்குப்பிள்ளையையே தூக்கிவிட்டார்கள். கோப்பின் பெயரை ஒரு சூத்திரத்தில் போட்டால் வருகிற எண்ணே அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். சேமிப்பு இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பிரிக், அதாவது செங்கல். சாதாரண கணினிகளைச் செங்கல் செங்கலாக அடுக்கிப் பெரிய கிடங்கு கட்டலாம். தனி வன்பொருள் வேண்டாம், லட்சக்கணக்கில் கொட்டவும் வேண்டாம். என்னைப் போல பட்ஜெட்டுக்குப் பிச்சையெடுக்கிற சிஸ்டம் அட்மின்களுக்கு அது வரப்பிரசாதம்.

2011 அக்டோபர் 4-ம் தேதி ரெட் ஹேட் என்ற ஓப்பன் சோர்ஸ் கம்பெனி அந்தக் கம்பெனியை வாங்குவதாக அறிவித்தது. விலை சுமார் 13 கோடியே 60 லட்சம் டாலர், ரொக்கமாக. அன்றைய மதிப்பில் 650 கோடி ரூபாய்க்கு மேல். எங்கள் ஆபீஸில் ஒருவருக்கொருவர் அந்தச் செய்தியைக் காட்டிக்கொண்டோம். இலவசமாக இறக்கிக்கொண்ட பொருளுக்கு இத்தனை விலையா என்று ஒரு மேனேஜர் சிரித்தார். அவருக்கு மெஸ் கதை தெரியாது.

அந்த அறிவிப்பில் விலைக்கு அடுத்தாற்போல இன்னொரு வாக்கியம் இருந்தது. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் போடவில்லை. ஊழியர்களுக்கு இன்னும் முழுதாகச் சேராத பங்குகளை ரெட் ஹேட் ஏற்றுக்கொள்ளும், அவர்கள் தொடர்ந்து இருப்பதற்காகத் தனியாகப் பங்கு ஊக்கமும் தரும் என்று. கண்ணு, ரொக்கம் முதலீட்டாளர்களுக்கும் ஏற்கெனவே பங்கு சேர்ந்துவிட்டவர்களுக்கும். இந்த வாக்கியம் உன்னைப் போலப் பாதியில் நிற்பவர்களுக்கு. மாஸ்டர் நாலு கடை தள்ளி அடுப்பு வைக்காமல் இருக்கக் கொடுக்கிற பணம் அது. உன் கம்பெனியின் காகிதத்தில் அந்த வாக்கியம் இருக்கிறதா என்பதைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும்.

வாங்கியவர்கள் ஆட்களுக்குத்தான் பணம் கொடுத்தார்கள் என்பது எனக்கு உறைத்தது 2013-ல் ஒரு ராத்திரி.

எங்கள் ஆபீஸின் க்ளஸ்டர் கிடங்கில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு நகல், இரண்டு இயந்திரத்தில். ஒருநாள் நடுவே நெட்வொர்க் அறுந்தது. இரண்டு பக்கமும் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போயின. இணைப்பு திரும்பியதும் சண்டை. இது அதைக் குற்றவாளி என்கிறது, அது இதைக் குற்றவாளி என்கிறது. இதற்கு ஸ்ப்ளிட் பிரெய்ன் என்று பெயர். கோப்பைத் திறந்தால் பிழைச் செய்திதான் வரும். ஒவ்வொரு பிரிக்கிலும் கோப்போடு ஒட்டியிருக்கிற மறைகுறிப்பைத் திறந்து பார்த்தேன். வரிசையாகப் பூஜ்யங்கள் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் எண்கள். மாமியார் மருமகள் பஞ்சாயத்தில் மாட்டிய மகன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். காலை ஒன்பது மணிக்குச் சம்பளப் பட்டுவாடா ஓட வேண்டும். அந்தக் கோப்புகளும் அதில் இருந்தன.

ராத்திரி இரண்டு மணிக்கு க்ளஸ்டர் திட்டத்தின் அரட்டை அறையில் கேள்வியைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் ஒருவர் பதில் சொன்னார். எந்த நகல் சரி என்று நீங்களே முடிவு செய்யுங்கள், மற்றதை அழியுங்கள், ஆனால் அதோடு ஒளிந்திருக்கிற இன்னொரு இணைப்பையும் அழிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பேய் மாதிரி திரும்ப வரும். படிப்படியாக ஒன்றரை மணி நேரம் கூடவே இருந்தார். காசு கேட்கவில்லை, எந்தக் கம்பெனி என்றுகூடக் கேட்கவில்லை. கடைசியில் நன்றி சொல்லும்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். பெங்களூர்தான். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். விற்பனைக்கு முன்பு அந்த அரட்டை அறையில் பார்த்த அதே புனைபெயர். சட்டைப் பையில் தொங்குகிற அடையாள அட்டைதான் மாறியிருக்கும். வாங்கியவர்கள் புத்திசாலிகள், அந்த ஆளை விடவில்லை.

சரி, அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பாய். நீங்கள் யாரும் கேக் வெட்டுகிற நாளில் கேட்காத கேள்வி இது, பத்து வருஷம் கழித்து என்ன.

2012-ல் க்ளஸ்டர் ரெட் ஹேட் ஸ்டோரேஜ் என்ற பெயரில் வந்தது. 2014-ல் ரெட் ஹேட் இன்க்டேங்க் என்ற இன்னொரு கம்பெனியை சுமார் 17 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அவர்களுடையது செஃப், அதுவும் சேமிப்புதான். ஒரே வீட்டில் இரண்டு மருமகள். முதலில் இரண்டையும் சமமாகத்தான் நடத்தினார்கள். காலப்போக்கில் செல்லம் யாருக்கு என்று புரிந்துவிட்டது. 2018 அக்டோபரில் ஐபிஎம் ரெட் ஹேட்டையே 3,400 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து, அடுத்த ஜூலையில் முடித்தது. பெரிய மீனைவிடப் பெரிய மீன். 2022 அக்டோபர் 4-ம் தேதி, ரெட் ஹேட்டின் சேமிப்புத் தயாரிப்புகளும் அணிகளும் ஐபிஎம் கூரைக்கு மாறுவதாக அறிவிப்பு வந்தது. க்ளஸ்டரை வாங்குவதாகச் சொல்லிச் சரியாகப் பதினோரு வருஷம், அதே தேதி. அந்த அறிவிப்பில் முன்னால் நின்றது செஃப். ரெட் ஹேட் க்ளஸ்டர் ஸ்டோரேஜ் என்ற தயாரிப்பின் ஆயுள் 2024 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிந்தது.

இதைத் துரோகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். பதின்மூன்று வருஷம் ஒரு தயாரிப்பைத் தாங்கி, பலருக்குச் சம்பளம் கொடுத்து, முடிவு தேதியையும் முன்கூட்டியே சொன்னார்கள். எத்தனை கம்பெனிகள் அந்த மரியாதையைச் செய்கின்றன? தவிர, மூடப்பட்டது தயாரிப்புதான். நிரல் இன்றைக்கும் திறந்தே கிடக்கிறது, யாரும் எடுத்து ஓட்டலாம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பதில் சொல்கிற ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. திறந்த நிரல் சாகாது என்பார்கள். சாகாதுதான். பராமரிப்பு இல்லாத குளம் மாதிரி கிடக்கும். தண்ணீர் இருக்கும், யாரும் குடிக்க மாட்டார்கள்.

மாஸ்டர் என்ன ஆனார்? பெரியசாமி 2014-ல் கரிமா கபூர், ஹர்ஷவர்தனா ஆகியோருடன் மினியோ என்று இன்னொரு சேமிப்பு மென்பொருள் கம்பெனி தொடங்கினார். ஹர்ஷவர்தனா க்ளஸ்டரிலும் இருந்தவர். நாலு கடை தள்ளி அடுப்பு. 2022 ஜனவரியில் அந்தக் கம்பெனி 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்டது. அதற்கு முந்தின வருஷமே அவர்கள் நிரலின் உரிமத்தை அப்பாச்சியிலிருந்து ஏஜிபிஎல்லுக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றம் செய்து இணையச் சேவையாக ஓட்டுகிறவன் தன் மாற்றங்களையும் திறந்து காட்ட வேண்டும் என்கிற கண்டிப்பான உரிமம் அது. அந்தக் கண்டிப்பு சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. ஆனால் 2025-ல் இலவசப் பதிப்பின் நிர்வாகத் திரையிலிருந்து பல வசதிகளை எடுத்தபோது, கொடுத்துவிட்டுப் பிடுங்குவது என்று பயனர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் எனக்குப் பங்கு உண்டு. குருமா பக்குவத்தைத் தெருவுக்குச் சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

பெயர்ப்பலகை விஷயத்துக்கு வருகிறேன். ஜென்கின்ஸ் உனக்குத் தெரியும், நீயே தினமும் திட்டுகிற கருவி. அதற்குப் பழைய பெயர் ஹட்சன். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது கொஹ்சுகே கவாகுச்சி எழுதியது. 2010 தொடக்கத்தில் ஆரக்கிள் சன்னை வாங்கி முடித்ததும், ஹட்சன் என்ற பெயர் எங்களுடையது என்றது. அந்தத் திட்டத்தின் சமூகத்தார் கூடி 2011 ஜனவரியில் வாக்கெடுத்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டு வெளியேறலாம் என்று 214 பேர், வேண்டாம் என்று 14 பேர். நிரலைத் தூக்கிக்கொண்டு ஜென்கின்ஸ் என்ற புதுப் பலகையோடு போய்விட்டார்கள். பழைய பலகை பிறகு எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போய், 2017 வாக்கில் பராமரிப்பும் நின்றுபோனது. ஆரக்கிள் கையில் மிஞ்சிய அந்தப் பெயரும் கடைசியில் நிலைக்கவில்லை. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் கதையும் பாதி இதுதான். சன் அதை 2008-ல் 100 கோடி டாலருக்கு வாங்கியது, ஆரக்கிள் சன்னை வாங்கியபோது கூடவே போனது, எழுதியவர் மரியாடிபி என்று தனி அடுப்பு வைத்தார். பாதி என்றேன், ஏனென்றால் மைஎஸ்க்யூஎல் சாகவில்லை, நன்றாகவே ஓடுகிறது. எல்லாப் பலகையும் ஹட்சன் ஆகிவிடாது.

பெங்களூரிலேயே இன்னும் பக்கத்துக் கதை வேண்டுமா? மாயாடேட்டா என்று ஒரு கம்பெனி, அதிலிருந்து பிரிந்தது கேயாஸ்நேட்டிவ். இரண்டுக்கும் பொறியாளர்கள் இங்கேதான். முதல் கம்பெனியை 2021 நவம்பரில் டேட்டாகோர் வாங்கியது, இரண்டாவதை 2022 மார்ச்சில் ஹார்னஸ் வாங்கியது. ஆனால் அவர்களுடைய ஓப்பன்ஈபிஎஸ், லிட்மஸ் என்ற இரண்டு திட்டங்களையும் விற்பனைக்கு முன்பே சி.என்.சி.எஃப். என்ற பொது அறக்கட்டளையிடம் ஒப்படைத்திருந்தார்கள். கோயில் நிலத்தைக் கோயில் பேரில் எழுதி வைத்த மாதிரி. கம்பெனி கை மாறினாலும் திட்டத்தின் பெயர் புது முதலாளி சொத்தாகாது. இதிலும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. 2024-ல் அந்த அறக்கட்டளையே ஓப்பன்ஈபிஎஸ்ஸை ஒதுக்கி வைத்தது, எழுதுகிறவர்கள் மறுபடி விண்ணப்பித்து அதே வருஷம் உள்ளே வந்தார்கள். பட்டா பத்திரமாக இருந்தாலும் உழுவதற்கு ஆள் வேண்டும்.

உங்கள் கருவியின் பெயர் யார் பேரில் இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? அன்றைக்கே கேட்டேன், முழித்தாய்.

இப்போது என் கதை. பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

2000-களின் நடுவில் நான் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். சேரும்போது பங்கு வாங்கும் உரிமை என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். நான்கு பக்கம். நான்கு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். நான் முதல் பக்கத்தில் இருந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து, அதை ஒரு கற்பனை விலையால் பெருக்கி, அன்று இரவே ஜெயநகரில் வீடு கட்டி முடித்துவிட்டேன், மனசுக்குள். மூன்றாம் வருஷம் புது மேனேஜரோடு ஒத்துப்போகவில்லை. ராஜினாமாவை எழுதி நீட்டிவிட்டு வந்தேன். எட்டு மாதம் கழித்து அந்தக் கம்பெனியை ஒரு வெளிநாட்டுக்காரன் வாங்கினான்.

வீட்டுக்காரி கேட்டாள், “அந்தக் காகிதம் ஒண்ணு வெச்சிருந்தீங்களே, அது என்ன ஆச்சு?”

பீரோவிலிருந்து எடுத்தேன். அன்றைக்குத்தான் மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். வேலையை விட்ட 90 நாளுக்குள் பணம் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்ளாவிட்டால் எல்லாம் காலாவதி. கட்ட வேண்டியிருந்த பணம் ஒரு ஸ்கூட்டர் விலைகூட இல்லை. நான் கட்டவில்லை, ஏனென்றால் கட்ட வேண்டும் என்றே தெரியாது. யாரும் ஏமாற்றவில்லை, அங்கே அச்சிட்டுத்தான் இருந்தது. பல நாள் அந்த மேனேஜரைத் திட்டினேன். திட்ட வேண்டிய ஆள் கண்ணாடியில் இருந்தான்.

ஆகவே படி. நம் நாட்டு விதிப்படி உரிமை கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வருஷம் கழித்துத்தான் அது சேரத் தொடங்கும். உனக்கு நான்கு வருஷம் ஆகிவிட்டது, முதலில் கொடுத்தது பெரும்பாலும் சேர்ந்திருக்கும். நடுவில் ஊக்கமாகக் கொடுத்தார்களே, அது பாதியில் நிற்கும். கம்பெனி விற்கப்பட்டால் மீதி உடனே சேருமா, புது முதலாளியின் பங்காக மாறுமா, இல்லை ரத்தாகுமா என்று தேடு. காசாகத் தருகிறார்களா, பங்காகவா? சிக்னஸ் என்று ஒரு பழைய கம்பெனி, குனு கருவிகளுக்கு ஆதரவு விற்றே பிழைக்க முடியும் என்று 1989-லேயே காட்டியவர்கள். 1999 நவம்பரில் ரெட் ஹேட் அதை சுமார் 67 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது, முழுக்கப் பங்காக. அடுத்த வருஷம் டாட்காம் குமிழி உடைந்து அந்தப் பங்கின் விலை உச்சத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. காத்திருந்தவர்கள் வயிறு எப்படி எரிந்திருக்கும்! பொறுமைசாலிகளுக்குப் பின்னாளில் விடிந்திருக்கும், அது வேறு.

வரியையும் மறக்காதே. பங்காக மாற்றுகிற நாளில், சந்தை மதிப்புக்கும் நீ கட்டுகிற விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கணக்காகி வரி பிடிக்கப்படும். கையில் ஒரு ரூபாய் வருவதற்கு முன்பே வரி வரும். அங்கீகாரம் பெற்ற சில ஸ்டார்ட்அப்புகளுக்கு மட்டும் தள்ளிக்கட்டும் சலுகை 2020-லிருந்து இருக்கிறது. உங்கள் கம்பெனி அதில் வருமா என்று ஆடிட்டரைக் கேள், ஆபீஸ் நண்பனைக் கேட்காதே. ஆடிட்டருக்குக் கொடுக்கிற சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். அதே ஆட்கள் கேக்குக்கு முன்னால் நின்று ஆயிரம் போட்டோ எடுப்பார்கள்.

புது வேலை ஒப்பந்தம் என்று ஒன்றை நீட்டியிருக்கிறார்கள். சீக்கிரம் கையெழுத்து வேண்டும் என்பார்கள். அவசரம் அவர்களுடையது. பழைய நான்கு வருஷ சேவை தொடருமா, பணிக்கொடைக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குமா என்று பார். வேலை நேரத்துக்கு வெளியே நீ எழுதுகிற நிரலும் கம்பெனி சொத்து என்று ஒரு ஷரத்து ஒளிந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை நீ வேறு திட்டங்களுக்கு எழுதிக் கொடுப்பது அதில் மாட்டுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. வாய்வார்த்தைக்கு ஞாபகசக்தி கிடையாது. அப்புறம், இந்தப் பணத்தை நம்பி சர்ஜாப்பூர் ரோட்டில் ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. உன் அம்மா இப்போதே பிளான் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கேள்வி.

பயமுறுத்துவதாக நினைக்காதே. 2001-ல் லினக்ஸ் பெங்களூர் என்று ஒரு மாநாடு தொடங்கினார்கள், 2005-ல் அதன் பெயர் ஃபாஸ்.இன் ஆனது. அங்கே நான் பார்த்த பையன்களில் பலர் கையில் அப்போது கம்பெனியும் இல்லை, பங்கும் இல்லை. கசங்கிய டீ-ஷர்ட்டும் கடன் வாங்கிய லேப்டாப்பும்தான். அவர்கள் அன்றைக்கு அனுப்பிய சின்னச் சின்னத் திருத்தங்கள், தேதியோடும் பெயரோடும் இன்றைக்கும் பதிவேட்டில் இருக்கின்றன. கம்பெனிகள் இரண்டு மூன்று தடவை கை மாறின. அந்த வரிகளை யாராலும் வாங்க முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. உன் வேலையை உன் பெயரில், உன் சொந்த மெயில் முகவரியோடு பதிவு செய்ய கம்பெனி விதி இடம் கொடுத்தால் அப்படியே செய். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேள். கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்றும் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது அரட்டை அறையில் கேள்வி கேட்டால், புது முதலாளி வந்துவிட்டான் என்பதற்காகப் பதில் சொல்வதை நிறுத்திவிடாதே. அந்தப் பக்கம் ஒரு கிழவன் சம்பளப் பட்டுவாடாவை நினைத்து வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

புது ஒப்பந்தத்துக்கு அடுத்த வார வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருப்பதாகச் சொன்னாய். அதற்கு முன், இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதே தர்ஷினிக்கு வா. சேர்ந்தபோது கொடுத்த கடிதம், நடுவில் கொடுத்த ஊக்கக் கடிதம், இப்போது வந்திருக்கிற ஒப்பந்தம், மூன்றையும் அச்சடித்துக் கொண்டுவா. போனில் காட்டாதே, எனக்குக் கண் தெரியாது. பீரோவில் இருக்கிற என் நான்கு பக்கத்தையும் எடுத்து வருகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.